ஆறு என்று பெயரிட்ட கோப்பு

விருப்பப் பட்டியல் பூட்டும் நாள், மாலை நாலு ஐம்பது.
ராணிப்பேட்டை பிரவுசிங் சென்டர்காரர்
கர்சரை மெக்கானிக்கல் மேல் நிறுத்திவிட்டு
டீ குடித்தார்.
ஒரு வரி கீழே, அந்த வருஷம்தான் முளைத்த பிரிவு:
கணினிப் பொறியியல், இயந்திரக் கற்றல்.
"அதுல இன்னாம்மா சொல்லித் தருவாங்க?"
தெரியாது என்றேன்.
தெரியாததை அழுத்தினோம்.

முதல் வருஷம் இயந்திரமும் இல்லை, கற்றலும் இல்லை.
ஒர்க்‌ஷாப்பில் இரும்பை அராவினேன்.
வேதியியல் ஆய்வகத்தில் தண்ணீரின் கடினத்தன்மை;
பாட்டிலில் நான் கொண்டுபோன
எங்கள் தெருக்குழாய்த் தண்ணீருக்கு மட்டும்
பியூரெட்டை இரண்டாம் முறை நிரப்ப வேண்டியிருந்தது.

கணக்கில் அரியர்.
அணி எப்படி உலுக்கினாலும்
தன் கோட்டை விட்டு விலகாத வெக்டர் என்றால் என்ன?
தேர்வு முடிந்த அடுத்த வாரம் புரிந்தது.
ரெண்டாம் நம்பர் பஸ், கிரீன் சர்க்கிள் திருப்பம்,
நாங்கள் அத்தனை பேரும் ஒரு பக்கமாய்ச் சரிய
டிக்கெட் கிழித்தபடி
நின்ற வாக்கிலேயே நின்றார் கண்டக்டர்.

பிழையைக் குறைக்கப்
பனி மூடிய மலையில் இறங்கச் சொல்கிறது பாடப்புத்தகம்.
எந்தப் பனி?
மே மாத வள்ளிமலை, வெறுங்கால்,
கொதிக்கும் பாறையில் பாதமே தேடும் அடுத்த அடியை.
"பெரிய எட்டு வெச்சா நெழலத் தாண்டிப் பூடுவே,"
என்றாள் நஸ்ரீன்,
படியளவைச் சைபர் சைபர் ஒன்றாக்கிக்கொண்டே.

மூன்றாம் வருஷம் ப்ராஜெக்ட்:
வானிலிருந்து எடுத்த வேலூர்,
நாலாயிரத்து இருநூறு சதுரங்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் தர வேண்டும்.
வயல். ஏரி. சாலை. ஆறு.
"இது ஆறு இல்ல, கிரவுண்டு," என்றான் டில்லிபாபு,
"அதோ அந்தப் புள்ளிதான் எங்க ஸ்டம்ப்பு.
ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஆடறேன்."
வரைபடத்தில் பாலாறு என்று போட்டிருந்தது.
ஆறு என்று தட்டினேன்.
அன்று இரவு மட்டும் முன்னூறு தடவை தட்டினேன்.

மாடல் கற்றுக்கொண்டது.
வெளுத்த மணல், லாரித் தடம், முள்செடி,
நடுவில் மனிதர்கள் நடந்து போன கோடு:
ஆறு.
துல்லியம் தொண்ணூற்று நாலு.
டிபார்ட்மெண்டில் மக்கன் பேடா கொடுத்தோம்.

பிறகு அந்த நவம்பர்.
மூன்று நாள் மழை, நாலாம் நாள்
விருதம்பட்டுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
இறங்கிப் பார்த்தோம்.
கரைக்குக் கரை, காவி நிறத்தில், சத்தத்தோடு.
எல்லாருடைய கையும் செல்போனோடு மேலே.
இருபது வருஷமாக நான் கடந்தது எதன் மேல் என்று
எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மேகம் விலகிய படம் கிடைக்கப் பத்து நாள் ஆனது.
ஓடவிட்டோம்.
ஏரி, என்றது மாடல். தொண்ணூற்று ஏழு சதவீத உறுதி.
பாலத்தருகே கொஞ்சம் சாலை.
ஆற்றுக்கு அது கொடுத்தது
புள்ளி சைபர் மூன்று.

சிரித்தோம். நஸ்ரீன்தான் முதலில் நிறுத்தினாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்,
இதைச் சரிசெய்ய என்ன வேண்டும்?
கூடுதல் தரவு, என்றேன்.
எங்கிருந்து?
டில்லிபாபு எழுந்து நின்றான்:
"இன்னொரு வாட்டி வெள்ளம் வரணும் சார்."

அரியர் ஐம்பத்திரண்டில் தேறியது.
மடிக்கணினியில் இன்னும் கிடக்கிறது
'ஆறு, கடைசி, நிஜமாகவே கடைசி' என்ற கோப்பு.
பெயரை மாற்றலாமா என்று ஒவ்வொரு முறையும்
தோன்றி, மூடிவிடுகிறேன்.

வேலைக்காக காட்பாடியில் பெங்களூரு வண்டி ஏறினேன்.
குடியாத்தம் தாண்டியதும்
எதிர் சீட்டுப் பையன் ஜன்னலில் மூக்கை அழுத்திக் கேட்டான்,
"அம்மா, அது இன்னா கிரவுண்டா?"
போனிலிருந்து தலை தூக்காமல்
"ஆறு," என்றாள்.
சரி என்றான்.
அவ்வளவுதான் அவன் பயிற்சி.

ஆம்பூர் வருவதற்குள்
இன்னொரு மணல்வெளியைத் தானே காட்டினான்:
"ஆறு!"
அதில் இரண்டு பேர்
பந்து எறிந்துகொண்டிருந்தார்கள்.