மிச்ச இரண்டு பரப்பு

நொத்தாரிசு கந்தோரிலை கரண்ட் இல்லை.
உறுதியை மேசையிலை விரிச்சு
சாரத்திலை கண்ணாடியைத் துடைச்சபடி கேக்கிறார்:
"கொக்குவில் காணி, சீதனமாய் எழுதினது, இரண்டு பரப்பு.
தேசவழமைப்படி வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க வேணும்."
வீட்டுக்காரர் இல்லை எண்டன்.
மற்ற இரண்டு பரப்பும் போன வருசமே
அந்தப் பேச்சும் போயிட்டுது.

"அப்ப ஆருக்காக விக்கிறியள்?"

கம்பாலாவிலை இருக்கிற ஒரு பொம்பிளைக்கு எண்டு
சொல்ல வாய் வரேல்லை.
பேர் செலாம். எரித்திரியா. மூண்டு பிள்ளையள்.
அண்ணனே அவவை நேரிலை கண்டதில்லை.

ஸ்காபரோவிலை அண்ணனும் இன்னும் நாலு பேரும்,
ஒரு பல் வைத்தியர், ஒரு பஸ் சாரதி,
படிப்பிக்கிற இரண்டு சகோதரியள்
(அதிலை இளையவளுக்கு 'வணக்கம்' மட்டும் தெரியும்)
சேர்ந்து பொறுப்பெடுத்திருக்கினம்.
ஒரு வருச வாடகை, சாப்பாடு, பள்ளிக்கூடம்,
முதல் குளிருக்கு ஆளுக்கொரு கோட்டு.
அரசாங்கம் ஓமெண்டால்
வாசல் வழியா வந்து இறங்கலாம்.

வாசல் வழியா.
அண்ணா அதைப் போனிலை இரண்டு தரம் சொன்னவர்.

முதல் இரண்டு பரப்பு விக்கேக்கை
இதே மேசை. இவற்றை தேப்பன் இருந்தவர்.
வாங்கினவன் காசை எண்ண
ஏஜென்சிக்காரன் பக்கத்திலை நிண்டு
உதடு அசையாமல் தானும் எண்ணினான்.
சின்னவன் கேதீஸ் மொஸ்கோ போனான்.
மொஸ்கோவிலிருந்து ஒரு கோல்.
உக்ரைனிலை ஒரு கோழிப்பண்ணையிலிருந்து ஒரு கோல்:
"நாளைக்கு ஆறு கடக்கிறம்.
அம்மாவிட்டைச் சொல்லாதை. தண்ணி இடுப்பளவுதானாம்."

நான் அண்ணாவோடை சண்டை பிடிச்சனான்.
எங்கடை சனம் கிடக்க ஆரோ ஒருத்திக்கோ?
முன்வீட்டுத் துஷ்யந்தன் மூண்டு வருசமாய்
பாஸ்போட்டோடை அலையிறான், அவனைக் கூப்பிடன்.
ஏலாதாம்.
ஊரிலை இருக்கிறவன் அந்தக் கணக்கிலை வரமாட்டானாம்.
முதலிலை ஒரு எல்லையாவது தாண்டியிருக்க வேணுமாம்.

அப்ப கேதீஸ்?
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவிலை
எல்லை தண்ணியிலை எவ்விடம் கிடந்தது?
அவன் தாண்டினவனோ, தாண்டேல்லையோ?

அண்ணா கனநேரம் பேசேல்லை.
அங்கை ஆரோ பனி வழிக்கிற சத்தம் கேட்டது.
பிறகு சொன்னார்:
"நான் வந்தது ஒரு மலேசியாக்காரன்ரை பேரிலை.
அவன்ரை பிறந்த திகதி, அவன்ரை தேப்பன்.
ஏயப்போட்டிலை பிடிச்சு உலுப்பினாலும் சொல்லுறதுக்கு
பாடமாக்கினது, இண்டைக்கும் மறக்கேல்லை.
கேதீஸின்ரை டெலிபோன் நம்பர் மறந்துபோச்சு.
இவ தன்ரை பேரிலை வரட்டும்."

அதைக் கேட்டு மனம் மாறினன் எண்டு நினையாதேங்கோ.
காணியிலை பார்த்தீனியம்தான் நிக்குது.
வாங்குறவன் நல்ல விலை சொன்னவன்.
பாதிக் காசு என்ரை பேரிலை வங்கியிலை கிடக்கும்,
பாதிதான் ஸ்காபரோவுக்கு.
அண்ணா பேரம் பேசேல்லை.

கையெழுத்து வைக்கேக்கை போன் அதிர்ந்தது.
நடுப்பிள்ளைக்கு ஏழு வயசு, பேர் வின்தா.
கோட்டு சிவப்பு வேண்டாமாம், நீலம்தான் வேணுமாம்.
அங்கை அஞ்சு பேரும் இதைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்கினமாம்.

கேதீஸ் வெளிக்கிடேக்கை
ஏஜென்சிக்காரன் சொன்னது எனக்கு நினைவிருக்கு:
கறுத்த உடுப்பு மட்டும் வையுங்கோ,
லைட் அடிச்சாலும் தெரியக்கூடாது.
சந்தையிலை தேடி
நான்தான் இரண்டு கறுத்தச் சேட்டு வாங்கிக் குடுத்தனான்.

நொத்தாரிசு மை காய ஊதுறார்.
எந்த நீலம் எண்டு கேளுங்கோ அண்ணா,
கடும் நீலமோ வெளிர் நீலமோ எண்டு
எழுதி அனுப்பினன்.