துறப்புக் கடிதம்

கணினியில் அந்தக் கடிதம் இன்னும் கிடக்கிறது.
தேதியை மாற்றினால் போதும்:
"குடும்பச் சூழல் காரணமாக
எனக்கு வழங்கப்பட்ட பதவி உயர்வைத்
தற்காலிகமாகத் துறக்கிறேன்."

முதல் தடவை எழுதியபோது
ஷெர்லினுக்குப் பல் முளைத்திருக்கவில்லை.
சிவகங்கை என்று போட்டிருந்தார்கள்.
ஆணையை நான்காய் மடித்துப்
பால்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
இரண்டாம் தடவை, ஜெபினின் இழுப்பு.
மூன்றாவதற்கு மாமியார் விழுந்ததைச் சொன்னேன்;
அவர்கள் எழுந்து சந்தைக்கே போய்வந்துவிட்டார்கள்.
எனக்குத்தான் எழுதிப் பழகிவிட்டது.

இதற்கிடையில்
இரணியல் கிளைச் சானலில்
எனக்கு மட்டக்கோல் பிடித்த சுபின்ராஜ்
என் விடுப்புக்குக் கையெழுத்திடும் நாற்காலிக்குப் போய்விட்டான்.
கூட்டத்தில் "மேடம்", வெளியே வந்தால் "அக்கா".
நல்ல பையன். அதுதான் கஷ்டம்.

பேச்சிப்பாறையில் ஷட்டர் தூக்கினால்
எந்த வயல் எப்போது நனையும் என்று
எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.
ராத்திரி இரண்டு மணிக்குக் கடைமடையிலிருந்து போன் வரும்,
"மேடம், எனக்க வயலுக்கு வெள்ளம் வந்தாச்சு."
ஒரு கையில் அந்தக் குரல்,
மறு கைக்கடியில் பிள்ளையின் சுடுகிற நெற்றி.
பணிப்பதிவேட்டில் இது எதுவும் ஏறவில்லை.
அங்கே இருப்பது மூன்று துறப்பு,
இருபத்தாறு வருடம், ஒரே பதவி.

நேற்று தக்கலை அலுவலகத்துக்கு நாலாவது ஆணை வந்தது.
திருவண்ணாமலை.

ஷெர்லின் கோவையில் படிக்கிறாள்.
ஜெபின் பாலிடெக்னிக் விடுதியில்.
மாமியார் கல்லறைத் தோட்டத்தில்.
அவருக்கும் இப்போது புட்டு அவிக்க வருகிறது,
நடுவில் கொஞ்சம் மாவாக இருந்தாலும்.

கடிதத்தைத் திறந்தேன்.
"காரணமாக" என்ற சொல்லுக்கு முன்னால்
கர்சர் துடித்துக்கொண்டே நின்றது.
எழுந்து காரணம் தேடி வீடு முழுக்க நடந்தேன்.
அடுக்களையில் இல்லை.
மொட்டைமாடித் துணிகளுக்குப் பின்னால் இல்லை.
மருந்துப் பெட்டியில் பழைய நெபுலைசர் மூடி மட்டும்.
யாருக்கும் காய்ச்சலில்லை.

உள்ளதைச் சொன்னால், பயமாக இருந்தது.
நாற்பத்தொன்பது வயதில்
போகாமலிருக்க
நான் மட்டும்தான் காரணம் என்றால்.

சுபினைக் கூப்பிட்டேன்.
"அக்கா, இதையும் எழுதிக் கொடுக்கப் போறியளா?"
அதற்குப் பதில் சொல்லவில்லை.
"எல, அந்த சாத்தனூர் அணையில
இப்ப எத்தன அடி வெள்ளம் கெடக்கு?"