மூலநாடு என்ற கட்டம்

பல் போய்ப் பதினோரு வருடம்.
அதைத் தாங்கியிருந்த எலும்பும்
இனி வேலையில்லை என்று கரைந்துவிட்டது.
மிச்சம் மூன்று மில்லிமீட்டர்.
"அதற்கு மேலே வெறும் காற்று" என்கிறார் டாக்டர் ஆ-வோன்,
என் கன்னத்துக்குள் ஒரு காலி அறையைக் காட்டி.
ரோஸ்ஹில்லில் வாடகை விற்கிற விலையில்
என்னிடம் ஓர் அறை சும்மா கிடந்திருக்கிறது.

கிரியோலில் எலும்புக்கு லேஸோ என்று பெயர்.
கேட்க லேசாகத்தான் இருக்கிறது.

தட்டில் நான்கு குப்பிகள்.
இருபத்தாறு வருடம் சுங்கத்தில் இருந்தவன்;
கை தானாகத் திருப்பிப் பார்க்கிறது,
மூலநாடு எது என்று.

மாடு, ஆஸ்திரேலியா.
சுட்டுக் கொழுப்பகற்றி வெள்ளை மணலாக்கியது.
"சீக்கிரம் கரையாது. பத்து வருடம் கழித்தும்
படத்தில் தெரியும்."
அடுத்தது மனிதர், அமெரிக்கா.
பெயர் இல்லை, வரிசை எண் உண்டு.
எடை அரை கிராம்.
இறந்தவர் எவரையும் அரை கிராமாக
நான் அதுவரை பார்த்ததில்லை.
மூன்றாவது ஆலையில் செய்தது.
எந்த உயிருக்கும் கடன்படாதது, ஆனால் அவசரக்காரன்:
அது கரைகிற வேகத்துக்கு
என் எலும்பு பின்னால் ஓட வேண்டுமாம்.
நான்காவது பவளம்.

பவளமா?
பிளேசான்ஸ் விமான நிலையத்தில்
எத்தனை ஈரத் துவாலைகளைப் பிரித்திருப்பேன்!
விரலளவுத் துண்டுக்காக ஒரு புதுமணப்பெண் அழுதாள்.
ரசீது எழுதிக் கொடுத்தேன்.
"இதற்கு அனுமதிச் சீட்டு உண்டா?" என்றேன்.
டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"உங்களுடையதற்கு ஈடில்லை.
கடைவாய்க்குப் பின்னால் கொஞ்சம் சுரண்டலாம்.
காயம் இரண்டாகும், அவ்வளவுதான்."
அதற்குக் குப்பியும் இல்லை, தீர்வையும் இல்லை.

நளாயினிக்குப் போன் செய்தேன்.
தைப்பூசத்துக்கு நாற்பது நாள் இருக்கிறது,
மாடு என்கிறார்களே என்றேன்.
பின்னால் வங்கியில் யாரோ பணம் எண்ணும் சத்தம்.
"விரதம் வயிற்றுக்குத்தானே" என்றாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"பன்றி இல்லையே?"

கன்னத்து வேல் தழும்பைக் கையுறை விரல் தொட்டது.
"எத்தனை வருடம்?"
பதினாறு.
"ரத்தம்?"
வராது.
"இங்கே வரும். இந்த வருடம் வேல் வேண்டாம்."
ஆறு மாதம் கழித்து அவரே ஒன்று குத்துவார்,
டைட்டானியத்தில், எடுக்கவே எடுக்காதது.

பாதி நான், பாதி மாடு என்று கையெழுத்திட்டேன்.
முட்டையோட்டின் உட்தோல் போல ஒன்றைக்
கிழியாமல் மேலே தூக்கி
அடியில் எங்கள் இருவரையும் கொட்டினார்.

மூக்குச் சிந்தக் கூடாது.
தும்மல் வந்தால் அடக்கக் கூடாது,
வாயைத் திறந்துவிட வேண்டும்.
பத்தாம் நாள் பஸ்ஸில் வந்தது,
லிச்சிக் கூடையோடு ஒருத்தி பக்கத்தில் இருக்கும்போது.
ஊரே பார்க்க வாயைப் பிளந்தேன்.
கூடையை அவள் மெல்ல நகர்த்திக்கொண்டாள்.
நான் கன்னத்தைப் பொத்தியபடி
உள்ளே இருக்கிற பெயர் தெரியாத மாட்டிடம்
"பிடித்துக்கொள்" என்றேன்.