ஐந்து லிட்டர் கேன்

எங்கள் கூட்டுறவுக் கிடங்கில்
ஒயின் குழாயில் வரும்.
பெட்ரோல் பங்கில் பிடிப்பதுபோலத்தான்:
மூக்கை நுழை, விசையை அழுத்து,
மீட்டர் ஓடும்.
லெசிஞானில் பாதி ஊரை எனக்கு
முகத்தால் தெரியாது, கேனால் தெரியும்.

மூடியைத் தொலைத்துவிட்டு
உருளைக்கிழங்கைச் செருகிக்கொண்டு வருவது
தபால்காரர் பெர்த்ராங்.
கழுவாமலே நீட்டுவது ஸெஃபிரீன்.
"உள்ளே இருந்ததும் இதே சிவப்புதானே" என்பாள்.

இதற்கு வருஷம் கிடையாது,
கோட்டைப் படம் போட்ட லேபிள் கிடையாது.
கல்லை நம்பி வளர்ந்த காரிஞான் கொடி,
கூடவே கொஞ்சம் கிரெனாஷ்.
வாயில் வைத்ததும் பழம்,
பின்னாலேயே மிளகு,
கடைசியில் ஈறைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு.
அந்தத் துவர்ப்புக்குக் கொழுப்பு வேண்டும்.
வித்தை அவ்வளவுதான்.

கோடையில் வரும் பாரிஸ்காரர்கள் கேட்பார்கள்:
"இதற்கு எது தோதாக இருக்கும், மதாம்?"
திராட்சைக் குச்சியின் தணலில் சுட்ட சாஸேஜ், என்பேன்.
வாத்துக் கொழுப்பில் கிடந்து குழைந்த வெள்ளை பீன்ஸ்.
நேற்றைய கோழி, ஆறிப்போனது, கையால் பிய்த்தது.
ஆட்டுப்பால் சீஸ், ஓரம் காய்ந்திருந்தால் இன்னும் நல்லது.
சிப்பிக்கு மட்டும் வேண்டாம்,
ஆணியை நக்கினதுபோல் இருக்கும்.
ஆர்ட்டிசோக்கா? தண்ணீர் குடியுங்கள்.
எழுதிக்கொள்வார்கள்.
ஊர்க்காரர் யாரும் கேட்டதில்லை.

டிராக்டர் பழுதுபார்க்கும் ஒரேலியாங் புஜோல்
பதினெட்டு வருஷமாக
வெள்ளிதோறும் பத்து லிட்டர்.
அக்டோபரில் அது ஐந்தானது.
நவம்பரில், அதே ஐந்து லிட்டர் கேனில்
இரண்டு போதும் என்றான்.
மீட்டர் அத்தனை சீக்கிரம் நின்றுவிட்டதில்
இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை.
நிகோலெத் போனது ஊருக்கே தெரியும்.
பெர்ப்பிஞானில் வேறு வீடு, வேறு மேசை.

டிசம்பரில் ஒரு நாள்,
த்ரமோந்தான் காற்று தகரக் கதவை
உதைத்துக்கொண்டிருந்தபோது
கேனை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டான்:
"இதோடு என்ன சாப்பிடுவது?"

சிரிப்பு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.
"இத்தனை வருஷம் குடித்தவன் கேட்கிற கேள்வியா?"
மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்:
"இது மேசையில் இருக்கும்.
பக்கத்தில் தட்டு இருக்கும்.
எதனால் எது நன்றாயிருந்தது என்று
நான் பார்க்கவில்லை."

சாஸேஜ், தணல் என்று வாய்வரை வந்தது.
ஒற்றை ஆளுக்கு யார் தணல் மூட்டுவார்கள்,
அதுவும் இந்தக் காற்றில்?
"முட்டை" என்றேன்.
"வெங்காயத்தைச் சிவக்க விடு,
கருகிவிடுமோ என்று உனக்கே பயம் வரும்வரை.
ஒரு டம்ளர் ஒயினை அதிலேயே ஊற்று.
பாதியாய்ச் சுண்டினதும்
இரண்டு முட்டையை உடைத்து விடு.
நிறத்தைப் பார்த்து மிரளாதே,
காயம் பட்ட முழங்கால் மாதிரிதான் இருக்கும்.
ரொட்டியால் வழித்துச் சாப்பிடு."
"குடிக்க?"
"மிச்சம் இருக்கிறதே."

அடுத்த வெள்ளி வந்தான்,
கையில் மூடி போட்ட டப்பா.
மூன்றாவது தடவையாம். முதல் இரண்டு
நாய்க்கே பிடிக்கவில்லையாம்.
மஞ்சள் கரு கல்லாகிக் கிடந்தது.
வெங்காயத்தில் பயத்தைத் தாண்டிய நிறம்.
உப்பு மட்டும்
இன்னும் இரண்டு பேருக்கான அளவு.

கல்லாவிலேயே நின்று தின்றேன்,
சுவை பார்க்கும் குட்டிக் கோப்பையில்
ஒரு வாய் ஊற்றிக்கொண்டு.
துவர்ப்பும் கொழுப்பும்
ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன.
வரிசையில் நின்ற ஸெஃபிரீன்
கேட்காமலே ரொட்டியை முக்கினாள்.
"உப்பு" என்றாள்.
மறுபடியும் முக்கினாள்.

"எவ்வளவு?" என்று கேனை வாங்கினேன்.
"மூன்று" என்றான்.
மூன்றைத் தாண்டிக் கொஞ்சம் ஓடவிட்டேன்.
கணக்குப் புத்தகத்தில் அது
சிந்தியது.