மூன்றாம் கொம்பு

ஒற்றைக்கொம்பு உண்டு நம் எழுத்தில்,
இரட்டைக்கொம்பும் உண்டு.
மூன்று கொம்பு வைத்து எழுத
ஒலி ஏதும் மிஞ்சவில்லை போலும்.

கனடாவில், சஸ்காட்செவான் பக்கம்,
பிரெஞ்ச்மன் ஆற்றங்கரைச் சரிவில்
ஹால்வர் தோர்ஸ்டட்டின் கிடாரி
கால் இடறிய இடத்தில் கிடந்தது அது.
எலும்பென்று அவர் நினைக்கவில்லை.
யாரோ விட்டுப்போன கலப்பை என்று
உதைத்துப் பார்த்தார்.
கட்டைவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம்.

இரண்டு கோடை தோண்டினார்கள்.
சாக்குத்துணி சுற்றி, மாவுக்கட்டு போட்டு,
கால் முறிந்தவனைத் தூக்குவதுபோல்
லாரியில் ஏற்றினார்கள்.
தலை மட்டும்.
தலை மட்டுமே ஹால்வரை விட நீளம்.

பனிக்காலம் முழுக்க ஒரீசியா நாட்யுக்
பல் வைத்தியரின் கருவி போன்ற ஒன்றால்
கல்லிலிருந்து எலும்பைப் பிரித்தாள்.
ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு.
முதலில் கிளியலகு.
அதற்குப் பின்னே பற்கள், நூற்றுக்கணக்கில்,
மூட்டை மேல் மூட்டையாக;
மேலது தேய்ந்து விழ அடியிலிருந்து அடுத்தது.
அரைக்கிற பல் இல்லை, கத்தரிக்கிற பல்.
பெரணி, மட்டை, நார், முள்
எது வந்தாலும் நறுக்கி நறுக்கி
பொழுதெல்லாம் தின்றிருக்கிறது,
ஒன்றரை யானை கனத்துக்குத் தீனி போட வேண்டாமா.

ஜன்னலுக்கு வெளியே அடிவானம் வரை பனி.
பனிக்கு அடியில் புல்.
"இந்தப் புல்வெளியை அது பார்த்ததே இல்லை.
அப்போது இங்கே சதுப்பும் காடும்,
வெதுவெதுப்பான மழையும்" என்றாள்.
ஹால்வர் நம்பியதாகத் தெரியவில்லை.
மாடு நிற்கிற இடத்தில் புல் இல்லையென்றால்
வேறென்னதான் இருக்கும்?

குட்டிக்குக் கொம்பு பின்னால் வளைந்திருக்கும்.
வளர வளர நிமிர்ந்து முன்னால் திரும்பும்.
எந்த வயதில், எந்தக் காலையில்
அது உலகத்தைப் பார்த்துத் திரும்பியது?
அதைக் கல் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
கழுத்துக் கேடயத்தில் ஒரு துளை கண்டாள்.
விரல் நுழையும்.
விளிம்பில் கூர் இல்லை,
ஆற்றுக்கல் போல் வழவழப்பு.
ஆறிய புண்.

டைரனோசர் கடித்ததா என்று
பத்திரிகைக்காரன் ஆசையோடு கேட்டான்.
ஹால்வர் குனிந்து பார்த்தார்.
"கடித்தால் மறுபக்கமும் பல் பட்டிருக்கும்.
இது குத்து. சொந்தக்காரன் குத்து."
சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினார்.
அங்கேயும் ஒன்று இருந்தது,
தன் சொந்தக் காளை கொடுத்தது.

அப்படியென்றால் இப்படி:
சேறு. இரண்டு தலைகள் பூட்டிக்கொண்டு நிற்கின்றன.
கொம்பு சீவிவிட ஆளில்லை.
உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று
ஒன்றையொன்று கேட்கவும் முடியாது;
முளைத்திருந்தது, ஆளுக்கு மூன்று.
பெட்டைக்காகவோ, பெரணித் திட்டுக்காகவோ,
ஒன்றுக்கும் இல்லாமலோ.
பிறகு ஒன்று வழுக்கியிருக்கும்.
பிறகு ஈக்கள்.
சீழ் வடிய வடிய மறுநாளும் தின்றிருக்கும்.
எலும்பு மெல்ல ஓரம் தைத்திருக்கும்.

செத்தது எப்படி என்று
அந்தத் தலையில் எங்கும் இல்லை.
பிழைத்தது இருக்கிறது.

"விரல் விட்டுப் பார்க்கலாமா?"
ஒரீசியா தலையசைத்தாள்.
கறுத்த நகமுள்ள கால் மேல் மற்றக் காலை ஊன்றி
எட்டி, சுட்டுவிரலை நுழைத்து,
சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.
"சில்லென்று இருக்கிறது" என்றார்.
பிறகு கையுறையைத் தேடினார்.
தொட்டியில் தண்ணீர் உறைந்திருக்கும்,
போய் உடைக்க வேண்டும்,
மாடுகள் காத்து நிற்கும்.