வந்துடுச்சாம்

அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில்
நான் சேர்ந்த காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்.
புதன்கிழமை கடைசிப் பீரியட் கணக்கு.
மன்றத்துக்காரர்களுக்கு அன்று விடுதலை.

படிவத்தில் 'ஏன் சேர விரும்புகிறாய்?' என்று
மூன்று கோடு விட்டிருந்தார்கள்.
'ஆர்வம்' என்று எழுதினேன்.
மிச்ச இடத்துக்கு ஒரு ராக்கெட் வரைந்தேன்.
சந்தா பத்து ரூபாய்.
அதில் ஐந்து, தமயந்தியிடம் கடன்.

மன்றம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம்.
சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால்
உடைந்த பெஞ்சு அடுக்கிய அறை,
பிடி உருகிய சால்டரிங் அயர்ன்,
'ஈ' விசை வேலை செய்யாத ஒரு லேப்டாப்.
செயலாளர் ஹபீபா, பதினொன்றாம் வகுப்பு,
எதைச் சொன்னாலும் 'எத்தனை?' என்பாள்.
வெயில் என்றால், எத்தனை டிகிரி?
பசிக்குது என்றால்,
சாப்பிட்டு எத்தனை மணி நேரம்?

எங்களுடையது கடைமடை.
முத்துப்பேட்டைக்கு இந்தப் பக்கம்,
உப்புக்காற்று முதலில் வந்து
தண்ணீர் கடைசியில் வரும் ஊர்.
மேட்டூர் திறந்தால் மறுநாளே பேப்பரில் வந்துவிடும்.
வாய்க்காலுக்கு வர
யார் யார் வயலோ நனைய வேண்டும்.
அதுவரை டீக்கடையில்
வந்துடுச்சாம், வரலையாம்,
மன்னார்குடி தாண்டிடுச்சாம்,
ஷட்டரை இறக்கிட்டானாம்.

ஹபீபா போர்டில் பெரிதாக 'ஆம்' என்று எழுதி
குறுக்கே ஒரு கோடு போட்டாள்.
'இந்த வருஷ ப்ராஜெக்ட் இதுதான்.'

மதகடியில் ஒரு பிவிசி குழாய்,
உள்ளே இரண்டு செம்புக் கம்பி,
பழைய சிம் ஒன்று.
கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் ஏறினால்
ஆறு வீட்டுப் போனுக்குச் செய்தி போகும்.
நிரலில் ஒரே ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய்
மூன்று புதன்கிழமை தின்றது.

ஆடிக் கடைசியில், ராத்திரி இரண்டு பத்துக்கு,
ஆறு போனிலும் ஒரே சொல்: வந்தது.
ஏழு டார்ச், இரண்டு மண்வெட்டி,
தூக்கத்திலேயே நடந்துவந்த செபஸ்தியான்.
குழாய்க்குள்
ஒரு கம்பியில் முன்காலும்
மறு கம்பியில் பின்காலுமாய்
தவளை.

செபஸ்தியான் அப்பா திட்டியதை
இங்கே எழுத முடியாது.
ஹபீபா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
பதிவேட்டில் குறித்தாள்:
தவளை 1. தண்ணீர் 0.
கருவி பொய் சொல்லவில்லை, ஈரம் என்றது.
தண்ணீர் என்று படித்தது நாம்.

அதற்குள் டைம்டேபிள் மாறி
கணக்கு வெள்ளிக்குப் போய்விட்டது.
புதன் கடைசிப் பீரியட் இப்போது விளையாட்டு.
மைதானத்தில் கத்தல் கேட்கக் கேட்க
குழாய் வாய்க்குக் கொசுவலை கட்டிக்கொண்டிருந்தேன்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ராக்கெட்தான் வரைந்திருப்பேன்.

ஆவணி ஐந்தாம் தேதி காலை
பள்ளிக்கூடம் போகிற வழியில்
வாய்க்கால் தரை நகர்ந்தது.
முன்னால் எறும்புகள்,
பின்னால் நுரை, சருகு, ஆட்டுப்புழுக்கை,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
இவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு
மெல்ல, வெட்கப்பட்டதுபோல், தண்ணீர்.
கருவி சும்மா இருந்தது.
பேட்டரி செத்து இரண்டு நாளாம்.

வந்துடுச்சு என்று கத்த வாயைத் திறந்தேன்.
தொண்டைக்குள் ஹபீபா: எத்தனை?
ஜியோமெட்ரி பாக்ஸைக் கொட்டி
ஸ்கேலை எடுத்து
பாவாடை நனைய மண்டியிட்டேன்.
இரண்டு புள்ளி மூன்று சென்டிமீட்டர்.
வாட்ச் இல்லை. முதல் மணி அடித்தது.
அப்படியென்றால் ஒன்பது பத்து.

மன்ற அறைக்கு ஓடிப்போய் எழுதினேன்:
வந்தது. 2.3. காலை 9:10. நேரில்.
எழுதி முடித்த பிறகும்
கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஹபீபா படித்தாள்.
பாராட்டுவாள் என்றுதானே நினைப்பீர்கள்,
நானும் நினைத்தேன்.
'எத்தனை தடவை அளந்தே?'

ஒரு தடவை.
திரும்ப ஓடினேன், லேட் சீட்டோடு.
இரண்டாம் தடவை, ஒன்பது புள்ளி நான்கு.
மூன்றாம் தடவை
ஸ்கேல் தரையைத் தொடவில்லை.