பதினேழு மார்ச்

சமையலறைச் சுவரில் ஒரு முடி அளவு.
சிலந்தி இழை என்றுதான் முதலில் துடைத்தேன்.
துணி போய் வந்தது.
அது போகவில்லை.

க்ரோனிங்கனுக்கு வடக்கே, மிடல்ஸ்டம் பக்கம்,
எங்கள் செங்கல் வீடுகளுக்கு அடியிலிருந்து
அறுபது வருடம் எரிவாயு எடுத்தார்கள்.
நாடு முழுக்க அடுப்பு எரிந்தது.
காலியான இடத்தில் பூமி
கொஞ்சம் புரண்டு படுத்தாலும்
எங்கள் அலமாரியில் கோப்பைகள் பேசிக்கொள்ளும்.

அடுத்த வீட்டு ஹில்லெகின் சொன்னாள்:
பூசிவிடாதே,
பூசிய விரிசல் வாயடைத்த சாட்சி.
இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு,
கோட்டருகில் தேதி.
அவள் வீட்டுக் கூடத்தில்
பிள்ளைகளின் உயரம் குறித்த நிலைக்குப் பக்கத்திலேயே
எட்டு வருடமாக வளரும் விரிசலின் உயரமும் இருக்கிறது.
பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

நான் உயிரியல் டீச்சர்.
பள்ளி ஆய்வகத்திலிருந்து
நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டுகள் ஒரு பெட்டி
கடன் என்று எழுதி எடுத்துவந்தேன்.
விரிசலுக்குக் குறுக்கே ஒன்று,
இரு கரையிலும் ஒரு சொட்டுப் பசை.
வெங்காயத் தோலும் குளத்துத் தண்ணீரும் பார்த்தது
இனி சுவரைப் பார்க்கட்டும்.
சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
அவ்வளவுதான் கணக்கு.

மூலையில் எழுதினேன்: பதினேழு மார்ச்.
இரவில் ரெங்கரின் குறட்டை இடைவெளிகளில்
அந்தப் பக்கம் காதை வைத்துப் படுத்தேன்.

மே மாதம் என் பித்தப்பையை எடுத்தார்கள்.
சீழ் பிடித்துவிட்டதால் ஆறு நாள்.
திரும்பி வந்தால்
சுவர் பால் போல நிற்கிறது.
பிரஷ் கழுவிய தண்ணீர் இன்னும் வாளியில்.
"பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டாயே" என்கிறான்,
புருவத்தில் வெள்ளைப் பெயிண்ட்டோடு.
நான்கு தையலோடு
சிரிக்கவும் முடியாது, கத்தவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை மதிப்பீட்டாளர் வந்தார்,
ஷூவுக்கு நீல உறை மாட்டிக்கொண்டு.
விரிசல் எங்கே என்றார்.
சுவரைக் காட்டினேன்.
சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கையிலிருந்த திரையில் ஏதோ ஒரு கட்டத்தைத் தொட்டார்.
நல்ல மனிதர்.
இரண்டாவது பிஸ்கட் வேண்டாம் என்றார்.

அன்று மாலை நான் எதுவும் சொல்லாமலே
ரெங்கர் கரண்டியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினான்.
உதிர்ந்ததைப் பார்த்தேன், சாம்பல் நிறம்.
பழைய செங்கல்லுக்குச் சிமெண்டா?
கல் மெத்தென்றது, பூச்சு முரட்டுத்தனம்;
வீடு அசைந்தால் பூச்சு நிற்கும், கல் பிளக்கும்.
சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று,
பூசுமுன் கல்லுக்குத் தண்ணீர் காட்டு,
பூசியபின் ஈரச் சாக்குப் போடு,
நாலு நாளாவது பொறு
என்று அடுக்கிக்கொண்டே போனேன்,
வேறு எதையோ சொல்கிறவள் போல.

"இரு" என்றான்.

தூளுக்குள் ஒரு மினுக்கம்.
கண்ணாடியை எடுக்காமல்
அதன் மேலேயே பூசியிருக்கிறான்.
பசை விடவில்லை, நானும் விட்டுவிட்டேன் என்றான்.
பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தேன்.
பதினேழு மார்ச்.
முழுசு.
ஒரு கீறல் கிடையாது.

சுவர் நகரவில்லை.
இனி இழப்பீடும் நகராது.
வீடு நிற்கிறது என்ற சேதிக்கு
ஏன் என் முகம் விழுந்தது என்று
ரெங்கர் கேட்கவில்லை.
வாளியைக் கழுவப் போனான்.

சனிக்கிழமை சுண்ணாம்பு வாங்கினோம், கொஞ்சம் அதிகமாகவே.
ஆய்வகக் கடன் நோட்டில் என் பெயருக்கு எதிரே
இன்னும் எதுவும் எழுதப்படவில்லை.
பெட்டியில் முப்பத்தொன்று மிச்சம்,
ஏனென்றால் நேற்று சரக்கறை ஜன்னலுக்கு மேலே
இன்னொரு முடி.
ஏணியில் அவன் ஏறினான், பசை அவன் கையில்,
தேதியும் அவனே எழுதினான்.
அவன் எழுதினால் ஏழா ஒன்றா என்று
யாருக்கும் தெரியாது.
அவன் இறங்கிய பிறகு
நான் ஏறித் திருத்தினேன்.